ஏழாம் சர்வரின் ராசி

எங்கள் குழுவில் எதுவும் தானாக நடக்காது. எல்லாவற்றையும் தானாக நடக்கவைப்பதுதான் எங்கள் வேலை என்பதை நினைத்தால் இது கொஞ்சம் வெட்கக்கேடுதான்.

கச்சிபௌலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் நாங்கள் நாலு பேர். மேலாளர் ஜகதீசன், சபீனா, சீனு, அப்புறம் வெஸ்லியாகிய நான். ஊரெங்கும் கிளை பரப்பியிருக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் சர்வர்கள் எங்கள் பொறுப்பு. மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டு என்றதும் எனக்குச் சீடர்கள் ஞாபகம் வருவார்கள். அங்கே ஒருவன்தான் காட்டிக்கொடுத்தான். இங்கே பதினோரு பேர்.

பன்னிரண்டு சர்வருக்கும் ஒரே வேலையைச் சொல்ல, ஒவ்வொன்றுக்குள்ளும் போய்த் தட்டிக்கொண்டிருக்க முடியாது. அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. செய்யவேண்டியதை ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால், குறித்த நேரத்தில் அதுவே எல்லா சர்வரிடமும் போய் வேலையை ஏவும். செய்தவனுக்கு நேரே பச்சை, செய்யாதவனுக்கு நேரே சிவப்பு. கம்பெனியில் அதற்கு நாகரிகமான ஆங்கிலப் பெயர் உண்டு. நான் மேஸ்திரி என்பேன். என் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் மேஸ்திரிகளைத் திட்டியே வீட்டுக்கு வந்தவர். குடும்ப வழக்கத்தை நான் விடவில்லை.

மேஸ்திரி ஏவவேண்டிய வேலை இதுதான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளெல்லாம் ஒரு பெரிய பொதுக் கிடங்கில் சேரும். ஒவ்வொரு சர்வரும் அந்தக் கிடங்கைத் தன்னோடு ஒரு ஃபோல்டராக இணைத்துக்கொண்டு, தன் பங்குக் கிளைகளின் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பிரித்து அடுக்கி வைக்கவேண்டும். காலையில் கவுன்ட்டர் திறக்கும்போது தயாராக இருந்தால், சர்க்கரை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போய் இனிப்பு சாப்பிடுவார்கள். இல்லாவிட்டால் வரிசையில் நின்று எங்களைச் சபிப்பார்கள்.

இந்த ஏப்ரல் பாதி வரை இதை விடியற்காலையில் ஒருவர் எழுந்து, சர்வர் சர்வராக உள்ளே போய்க் கையால் செய்துகொண்டிருந்தோம். ‘ஒருவர்’ என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பெரும்பாலும் சபீனாதான். அவள்தான் வெறுத்துப்போய் ஒரு நாள் உட்கார்ந்து ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினாள். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சர்வருக்கு எழுதிக்கொடுக்கும் வேலைக் குறிப்பு: இந்த ஃபோல்டருக்குப் போ, நேற்றைய கோப்புகளை எடு, இப்படிப் பிரி, அங்கே வை. அழகான ஸ்கிரிப்ட். நான் எழுதியிருந்தால் மூன்று மடங்கு நீளமாகவும், நடுநடுவே மன்னிப்புக் கேட்கும் குறிப்புகளோடும் இருந்திருக்கும்.

ஸ்கிரிப்டை மேஸ்திரியிடம் ஒப்படைத்தோம். மறுநாள் காலை பதினொன்று சிவப்பு, ஒன்று பச்சை. அந்தப் பச்சை ஏழாவது சர்வர்.

அதிலிருந்து ஆரம்பித்தது என் ரத்த அழுத்தம். அதற்கான ரிப்போர்ட்டும் அந்தக் கிடங்கில்தான் இருக்கிறது.

சிவப்புக்கு மேஸ்திரி சொன்ன காரணம் எப்போதும் ஒன்றே: அப்படி ஒரு ஃபோல்டர் இல்லை. சரி, இல்லையா என்று உள்ளே போய்ப் பார்ப்போம். ஃபோல்டர் இருக்கும். பல்லை இளித்துக்கொண்டு, உள்ளே அத்தனை ரிப்போர்ட்டுகளோடும் இருக்கும். அங்கேயே ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் வெண்ணெய் மாதிரி ஓடும். வெளியே வந்து, மறுநாள் விடியற்காலை மேஸ்திரி போனால், ஃபோல்டர் இல்லை. எங்கள் வீட்டில் என் மூக்குக்கண்ணாடி இப்படித்தான். நான் தேடினால் இருக்காது, என் மனைவி எமி வந்து நின்றால் மேசை மேலேயே இருக்கும்.

நான் மூன்று முறை கண்டுபிடித்தேன். முதல் முறை, விண்டோஸ் கம்ப்யூட்டரில் எழுதியதால் வரிக்கு வரி கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். இரண்டாம் முறை, கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்பது மேஸ்திரிக்குத் தெரியவில்லை, முழு முகவரி கொடுக்கவேண்டும் என்றேன். மூன்றாம் முறை, சர்வருக்குத் தூக்கம் கலையவில்லை, அரை நிமிஷம் காத்திருக்கச் சொன்னால் போதும் என்றேன். ஒவ்வொரு முறையும் திருத்தி, எல்லாரையும் கூப்பிட்டு ஓட்டிக் காண்பித்தேன். பன்னிரண்டும் பச்சை. ஒவ்வொரு முறையும் ஆபீசுக்கே உஸ்மானியா பிஸ்கட் வாங்கிவந்து கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை பதினொன்று சிவப்பு. கடைசியில் என் கையில் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தாலே சீனு கும்பிட்டு, “நக்கோ அண்ணா, வேண்டாம், நக்கோ” என்று எழுந்து போக ஆரம்பித்தான்.

ஓட்டிக் காண்பிப்பதற்கு எங்கள் குழுவில் ஒரு முறை உண்டு. ஜகதீசன் வைத்த வழக்கம். கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தெரிந்தவர், யாரிடமும் சத்தம் போடமாட்டார். ஆனால் எதையும் பார்க்காமல் நம்பமாட்டார். லிஃப்ட் பொத்தானை அழுத்தியபிறகு, எரிகிறதா என்று குனிந்து பார்ப்பவர். சோதனை ஓட்டம் என்றால் கண்ணாடி அறையில் எல்லாரும் கூடவேண்டும். ஆளுக்கு மூன்று சர்வர் என்று பிரித்துக்கொண்டு, அதனதன் உள்ளே போய் உட்கார்ந்து, மேஸ்திரி வேலை செய்வதை இமைக்காமல் பார்க்கவேண்டும். வருஷக் கடைசியில் நாங்கள் சர்ச்சில் கண்விழித்து உட்கார்ந்திருப்பதைப் போலவே இருந்ததால், இதற்கு நான் வாட்ச் நைட் சர்வீஸ் என்று பெயர் வைத்தேன். அவருக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய், காலண்டரிலேயே அப்படித்தான் போடுவார். வாட்ச் நைட், மத்தியானம் மூன்று மணி.

அந்த சர்வீஸில் மட்டும் எல்லாம் ஜெயம். விடியற்காலையில் யாரும் பக்கத்தில் இல்லாதபோது எல்லாம் தோல்வி.

ஏழாவதைத் தவிர. அதற்கு என்ன பெருமை என்று தெரிந்துகொள்ள, ஏழையும் எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டோம். இரட்டைப் பிள்ளைகள். மச்சம்கூட ஒரே இடத்தில். ஜகதீசன் யோசித்துவிட்டு, “ஏழுக்கு ஒரு ராசி இருக்குதுங்க வெஸ்லி” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்க பைபிள்லயும் ஏழு விசேஷந்தானுங்களே” என்றார். பொறியியலில் தங்கப் பதக்கம் வாங்கியவர். எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் இல்லாததால் ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்திருக்கும், ஜூன் மாதம் வராமல் இருந்திருந்தால்.

கம்பெனி பஸ் என்னை மல்காஜ்கிரியில் ஏற்றிக்கொண்டு, ஹப்சிகுடாவில் சபீனாவை ஏற்றிக்கொள்ளும். பக்கத்து இருக்கையில் பையை வைத்து அவளுக்கு இடம் போட்டிருப்பேன். அவள் ஏறும்போதே கையில் கம்ப்யூட்டர் திறந்திருக்கும். சிவப்பான சர்வர்களைக் கையால் ஓட்டிச் சரிசெய்துகொண்டே வருவாள். இதற்காக ஐந்து மணிக்கே எழுந்திருப்பாள். ஸ்கிரிப்ட் எழுதுமுன் எழுந்த அதே ஐந்து மணி. தன் சொந்தத் தூக்கத்துக்காக எழுதிய ஸ்கிரிப்டுக்குக் காவல் இருப்பதே அவள் வேலையாகிவிட்டது.

அவள் எங்கள் கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்சி மூலம் வந்தவள். ஒப்பந்தம் ஜூனோடு முடிகிறது. நிரந்தரமாக ஓர் இடம் இருந்தது. ஜகதீசன் அவள் பெயரை எழுதி மேலே அனுப்பினால் கிடைத்துவிடும். அனுப்பாவிட்டால் ஏஜென்சி அவளைப் புனேக்கு மாற்றும். கணவருக்கு நாச்சாரத்தில் மருந்துக் கம்பெனியில் வேலை, பெண் யு.கே.ஜி.யில் படிக்கிறது. புனேக்குத் தனியாகப் போவதா, வேலையை விடுவதா என்பதுதான் வீட்டில் தினமும் பேச்சு என்றாள். வீட்டில் அழுகிற ஆள் இல்லை என்பதால் பஸ்ஸில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வழியில் வரும் தாரநாக்கா புழுதி என்றாள். பஸ் ஏ.சி. பஸ். நான் ஜன்னலைச் சாத்துவதுபோல நடித்தேன். அது திறக்கவே முடியாத ஜன்னல்.

அவளுக்காக நான் ஜகதீசனிடம் போய்ப் பேசினேன். வக்கீலாக நான் எப்படி என்றால், கட்சிக்காரர் ஓடிப்போய்விடலாம். ஸ்கிரிப்டில் குறையே இல்லை, சபீனா ஓட்டினால் ஓடுகிறதே என்று வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அதைத்தானுங்க நானும் சொல்றேன். அவங்க இருந்தா ஓடுது, இல்லாட்டி ஓடறதில்ல. அப்ப அது ஸ்கிரிப்ட் இல்லீங்க வெஸ்லி, அவங்கதான். நான் மேல என்னன்னு எழுதறது? ஒரே ஒரு நாள், காலையில யாரும் கை வைக்காம பன்னெண்டும் பச்சையாகட்டும். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாளு. அதுக்கு மேல எங்கையில இல்லீங்க.”

கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலே. கெட்டவராக இருந்தால் வெறுத்துவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம்.

அது திங்கட்கிழமை. செவ்வாய் பதினொன்று சிவப்பு. புதன்கிழமை காலை பஸ்ஸில் ஏறிய சபீனாவின் முகமே சரியில்லை. திரையை என் பக்கம் திருப்பினாள்.

ஏழும் சிவப்பு.

பன்னிரண்டும் சேர்ந்து செவ்வரளி பூத்த மாதிரி இருந்தது. அத்தனை மாதம் காத்துக் காத்து வந்த ராசியும் போயிற்று. ஆபீசுக்குப் போனதும் ஜகதீசன் எங்களைக் கூப்பிட்டு, ஒன்றும் திட்டாமல், “ஏழுமாங்க” என்று மட்டும் கேட்டார். துக்கம் விசாரிக்கிற குரல். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நேற்று ராத்திரி யார் எதை மாற்றினீர்கள் என்று நான் எல்லாரையும் கேட்டேன். சபீனா மாற்றவில்லை. ஜகதீசன் மாற்றவில்லை. நான், கூச்சத்தோடு சொல்கிறேன், என்னையும் சந்தேகப்பட்டு எனக்கு நானே விசாரணை வைத்தேன். நானும் இல்லை. சீனுவைப் பார்த்தால் அவன் யாரையும் கவனிக்காமல் தன் மேசையில் குனிந்து ஒரு புது லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

சீனு வாரங்கல் பையன். பேசினால் தெலுங்கும் ஹிந்தியும் நடுவே கொஞ்சம் தமிழும் மாறி மாறி வரும். தமிழ் நன்றாகப் புரியும், நாங்கள் அவனைப் பற்றிப் பேசும்போது இன்னும் நன்றாக. வேலையில் கெட்டி, ஆனால் பூமியில் அவனைவிடச் சோம்பேறி ஒருவன் உண்டென்றால், அவன் பிறக்கவே சோம்பல்பட்டு இன்னும் பிறக்காமல் இருக்கிறான். அவனுடைய பழைய லேப்டாப்பின் மூடி கீல் உடைந்து மாதக்கணக்காயிற்று. மூட முடியாது. மூட முடியாததால் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. எடுத்துப்போக முடியாததை ஏன் அணைக்கவேண்டும் என்று ராப்பகலாக மேசையிலேயே எரியவிட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனி ஆட்கள் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்திருந்தார்கள்.

புதியது வந்த சந்தோஷம் அவன் முகத்தில் இல்லை. என்னடா சீனு, இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறாய் என்றேன்.

“அன்னி போயாயி அண்ணா” என்றான். எல்லாம் போயிற்றாம். திறந்து வைத்திருந்த ஜன்னல்களெல்லாம் பழையதோடு போய்விட்டன, இனிமேல் எல்லாவற்றையும் புதிதாகத் திறக்கவேண்டும், கடவுச்சொல்கூட மறந்துவிட்டது. “ஏழுலகூட உள்ளதான் இருந்தேன். உகாதி நிஞ்சி.” உகாதியிலிருந்தாம்.

சபீனா எனக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்தாள். கோப்பையை அவன் மேசைமேல் வைத்தாள். அதாவது அவனுடைய புது லேப்டாப்பின் மேல்.

“எதுக்குள்ள இருந்தே?”

“ஏழு. சர்வர் செவன்.” அவன் கோப்பையை அவசரமாக எடுத்தான். “உகாதிக்கு ஏதோ பாக்கப் போனேன். வெளிய வரல. கைக்கு வரணும், ஏன் வரணும், மறுபடி போகணும்ல?”

“மூணு மாசமாவா?”

“ஹவ்” என்று ஆமாம் போட்டான், என்ன தப்பு என்பதுபோல. இந்தக் காலத்தில் சில கல்யாணங்கள்கூட அவ்வளவு நாள் தாங்குவதில்லை.

சபீனா என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிய கொஞ்சம் நேரம் ஆயிற்று. ஆனால் புரிந்துவிட்டதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன், அது எனக்கு நன்றாக வரும்.

“அண்ணே” என்றாள் மெதுவாக. “ஏழுக்குள்ள மட்டும் எப்பவும் ஒரு ஆளு இருந்திருக்கு. வாட்ச் நைட்ல எல்லாத்துக்குள்ளயும் ஆளு இருக்கும். நான் கையால ஓட்டும்போது உள்ள நான் இருக்கேன். ஃபோல்டர் இருக்கான்னு பாக்க நாம உள்ளதானே போறோம்? நாம போறதாலதான் அண்ணே அது அங்க இருக்கு.”

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த அரை மணியில் கண்டுபிடித்துவிட்டோம். அல்லது அவள் கண்டுபிடித்தாள், நான் பக்கத்தில் இருந்து ‘அதேதான், அதேதான்’ என்றேன். முன்பு எங்கள் குழுவில் ஃபிரெடி என்று ஒருவர் இருந்தார். எங்கள் மல்காஜ்கிரி சர்ச்சில் கிடார் வாசிப்பவர். இப்போது கனடாவில் வாசிக்கிறார். யாரோ ஒருமுறை கிடங்கில் கைதவறி எதையோ அழித்துவிட, ஃபிரெடி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். சர்வருக்குள் மனிதர் யாராவது முன்வாசல் வழியாக நுழைந்தால் உடனே கிடங்கு இணையும். கடைசி ஆள் வெளியேறினால் கிடங்கைக் கழற்றிவிடும். எல்லாம் கையால் செய்த காலத்தில் அது புத்திசாலித்தனம்தான். கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போவதுபோல.

ஆனால் மேஸ்திரி முன்வாசல் வழியாக வருவதில்லை. ஜன்னலோரம் நின்று வேலையைச் சொல்லிவிட்டுப் போய்விடும். அதற்காக யாரும் விளக்கைப் போடமாட்டார்கள். சபீனாவின் ஸ்கிரிப்ட் இத்தனை நாளும் இருட்டு அறைக்குள் போய், இங்கே ஒன்றும் இல்லையே என்று சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள்தான் போகும்போதே விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்து, பொய் சொல்கிறாயே என்று அதை அடித்துக்கொண்டிருந்தோம். நாங்கள் நடத்திய வாட்ச் நைட்கள் எத்தனை! ஒவ்வொன்றிலும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது எங்களைத்தான்.

ஜகதீசனிடம் போய்ச் சொன்னோம். கேட்டார். நெற்றியைத் தடவினார். நன்றாக இருக்கிறது, ஆனால் நிரூபிக்கவேண்டுமே என்றார். நான் ஏற்கெனவே மூன்று தடவை நன்றாக இருந்த விளக்கங்களோடு அவரிடம் போயிருந்தேன் என்பதால் அவரைக் குறைசொல்ல முடியாது.

“அப்பப் போட்டுப்போடலாங்க ஒரு வாட்ச் நைட்” என்றார். “எல்லாரும் உள்ள போய்ப் பாக்கலாம்.”

சபீனா தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் மறுபடி விளக்கினேன். பார்க்கக் கூடாது, அதுதான் சோதனை. பன்னிரண்டிலிருந்தும் எல்லாரும் வெளியேற வேண்டும். யாரும் உள்ளே இல்லாதபோது மேஸ்திரியை ஓடவிட வேண்டும். சபீனா சொல்வது சரியென்றால் பன்னிரண்டும் சிவப்பாகும். ஃபெயில் ஆனால்தான் பாஸ். ஜகதீசன் வாழ்க்கையில் முதல் முறையாக, பார்க்காதே என்று ஒருவர் சொல்லிக் கேட்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டார். முடிந்தபிறகு மேஸ்திரியே நிறம் காட்டும் என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

மத்தியானம் எல்லாரும் வெளியேறினோம். ஏழிலிருந்து வெளியேற சீனுவுக்கு இனி ஒன்றும் இல்லை என்றாலும் துக்கமாகத்தான் இருந்தான். மேஸ்திரியை ஐந்து நிமிஷத்தில் ஓடும்படி வைத்துவிட்டு, லேப்டாப்புகளை மூடி, கான்டீனுக்குப் போனோம். சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டோம். யாரும் சாப்பிடவில்லை. ஜகதீசன் சாதத்தைப் பிசைந்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பிசைந்தார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். சாப்பிடாத கையை எதற்குக் கழுவுவது என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்கவேண்டும்.

அவர் திரும்பி வந்ததும் மேலே போய் மேஸ்திரியைத் திறந்தோம்.

பதினொன்று சிவப்பு. முதல் சர்வர் பச்சை.

சபீனா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். ஒன்று பச்சையாகிவிட்டதென்றால் விளக்கம் தப்பு. ஆள் இல்லாமலும் ஓடியிருக்கிறது. அப்படியானால் மறுபடி முதலிலிருந்து, மறுபடி பிஸ்கட், நாளை வியாழன், அப்புறம் வெள்ளி, அப்புறம் புனே. சீனுகூட லேப்டாப்பை மூடிவிட்டு நின்றான்.

“நான் தோத்துட்டேன் அண்ணே” என்றாள் சபீனா. என்னிடம்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

ஜகதீசன் இருமினார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எதையோ பார்த்தார். அவர் காது மடல் சிவந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

“தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார். “நான்… போன்ல… ஒன்னாம் நம்பருக்குள்ள மட்டும் சும்மா ஒரு எட்டு போய்ப் பாத்தனுங்க. மனசு கேக்கலீங்க.”

பிறகு சீனு சிரிக்க ஆரம்பித்தான், அவனால் நிறுத்த முடியவில்லை. சபீனா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. இந்தத் தடவை தாரநாக்கா புழுதி இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எத்தனை மணி நேரம் விளக்கியும், எத்தனை படம் வரைந்து காட்டியும், இதைவிடச் சுத்தமாக நிரூபித்திருக்க முடியாது. எதன்மேல் கண் பட்டதோ அது மட்டும் பச்சை.

நிரூபித்தவர் ரொம்ப நேரம் நின்று அந்த ஒற்றைப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சபீனாவிடம் போய், “மன்னிச்சுக்கோங்க அம்மிணி” என்றார். “இத்தனை நாளா உங்க ஸ்கிரிப்டை நான்தான் கெடுத்துட்டு இருந்திருக்கறேன். பாத்துப் பாத்தே.”

மீதி ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஃபிரெடியின் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, கிடங்கு எப்போதும் இணைந்தே இருக்கும்படியும், ஆனால் அங்கே யாரும் எதையும் அழிக்க முடியாதபடியும் சபீனா எழுதினாள். அதைப் பன்னிரண்டிலும் செய்யும்படி மேஸ்திரியிடமே சொன்னாள். வியாழக்கிழமை முழுக்க எல்லாவற்றையும் சரிபார்த்து, சாயங்காலம் எல்லாரும் வெளியேறினோம். மறுநாள் விடியற்காலைதான் கடைசி வாய்ப்பு. ஜகதீசன் தன் போனைத் தன் மனைவியிடம் கொடுத்து, காலை எட்டு மணி வரை தரக்கூடாது என்று சொல்லப்போவதாகச் சொன்னார். நானும் எமியிடம் அப்படியே கொடுத்தேன். இருபது வருஷக் கல்யாணத்தில் தான் கேட்காமல் என் போன் தன் கைக்கு வந்தது இதுவே முதல் முறை என்று அவள் அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் எப்படி விழித்தேன், எப்படிப் படுத்திருந்தேன் என்பதைச் சொன்னால் உங்களுக்கும் தூக்கம் கெடும். பஸ்ஸுக்குக் கிளம்பும்போதுதான் எமி போனைக் கொடுத்தாள். திறக்காமல் பையில் போட்டுக்கொண்டேன். இருக்கையில் பையை வைத்து இடம் போட்டேன்.

ஹப்சிகுடாவில் பஸ் நின்றது. சபீனா இல்லை.

சிவப்பாகிவிட்டது, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். டிரைவரிடம் போய் ரெண்டு நிமிஷம் என்று கெஞ்சினேன். அவர் தெலுங்கில் என்னென்னவோ சொன்னார். பின்னால் இருந்த பஸ்காரர் ஹாரனில் அதையே மொழிபெயர்த்தார். பையிலிருந்து போனை எடுத்து, மற்ற எதையும் பார்க்காமல், சபீனாவைக் கூப்பிட்டேன். நெடுநேரம் மணி அடித்தது.

“அலோ” என்றது ஒரு குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல.

“சபீனா, எங்கம்மா இருக்க? பஸ் நிக்குது. என்ன ஆச்சு?”

பிறகு பாயோ மெத்தையோ நெரிபடும் சத்தம்.

“அல்லா. மணி என்ன அண்ணே? தூங்கிட்டேன்.” அப்புறம் சட்டென்று விழித்துக்கொண்டு, “ஓடிச்சா?”

“தெரியாதும்மா. நான் பாக்கல.”

“நானும் பாக்கல” என்றாள். பின்னால் அவள் பெண், உம்மா ஏன் இன்னும் ஸ்கூலுக்குக் கிளப்பல என்று கேட்பது கேட்டது.

நீ மெதுவாகக் கிளம்பி வா என்று சொல்லிவிட்டு, டிரைவருக்கு வணக்கம் போட்டு வந்து உட்கார்ந்தேன். பக்கத்து இருக்கையில் அவள் இல்லாமல் என் பை மட்டும் கச்சிபௌலி வரை வந்தது. வழியெல்லாம் போனைப் பார்க்காமல், முன்னால் போன ஆட்டோக்களின் முதுகில் எழுதியிருந்ததையெல்லாம் படித்துக்கொண்டு வந்தேன்.

ஆபீசில் ஜகதீசன் எனக்கு முன்பே வந்து மேஸ்திரியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்குத்தான் திறந்தேன் என்று சத்தியம் செய்தார். நான் கேட்கவேயில்லை. பன்னிரண்டும் பச்சை. கிளைகளிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. திரை முழுக்க வயல் மாதிரி இருந்தது. நான் அதை நின்று பார்க்கும்போது கண்ணில் ஏதோ விழுந்தது. இங்கே தாரநாக்கா இல்லை என்பதால் ஏ.சி.யைத் திட்டினேன்.

ஜகதீசன் சபீனாவின் பெயரை எழுதி ஒரு பக்கம் தயார் செய்திருந்தார். திரையை என் பக்கம் திருப்பப் போனார்.

“எழுதிட்டனுங்க வெஸ்லி. அனுப்பறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துடுங்க. ரெண்டு பேரும் பாத்தா நல்லதில்லீங்களா?”

“வேண்டாம் சார். பாக்காமலே அனுப்பிடுங்க.”

அவர் விரல் அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

சபீனா பத்தரைக்கு வந்தாள். கன்னத்தில் தலையணைத் தழும்பு அப்படியே இருந்தது. கையில் ஒரு பொட்டலம். சீனு எட்டிப் பார்த்து, உஸ்மானியா பிஸ்கட் என்று தெரிந்ததும் கும்பிட்டான்.

“பயப்படாத” என்றாள். “இது வெஸ்லி அண்ணன் வாங்கினதில்ல. நான் வாங்கினது.”

இரண்டு எடுத்துக்கொண்டான்.